இது பெடரலா, மல்லி?

2022 நவம்பரில் ஒரு மாலை, கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளமான மாஸ்டடன் என்றால் என்ன என்று ஒரு நண்பருக்குச் சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் குருநாகலிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். எல்லாம் ஒரே கம்பனியின் கையில் இருக்காது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான சிறு வழங்கிகள், அதாவது சர்வர்கள், உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதை நடத்துபவர்கள் வகுத்த விதிகள் உண்டு. ஆனாலும் கண்டித் தபால் கந்தோரில் போட்ட கடிதம் யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்வது போல, ஒரு வழங்கியில் எழுதியதை இன்னொன்றில் இருப்பவர் படித்துப் பதில் எழுதலாம் என்றேன். கவனமாகக் கேட்டவர், இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர் என்றார். “பெடரேஷன்” என்றேன். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

“இது பெடரலா, மல்லி?”

மல்லி என்றால் தம்பி. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் அவரை அய்யே என்பேன். கேள்வியில் கோபம் இல்லை, விளையாட்டும் இல்லை. கூட்டாட்சி முறையைத் தமிழில் நாங்கள் சமஷ்டி என்கிறோம். 1949-ல் செல்வநாயகம் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு ஆங்கிலத்தில் பெடரல் பார்ட்டி என்றே பெயர் வழங்கியது. எங்களில் பலருக்கு அது சேர்ந்து வாழ்வதற்கான வழி. தெற்கில் பலருடைய காதில் அது நாட்டைத் துண்டாடுவது. நண்பரின் அண்ணன் இராணுவத்தில் இருந்தவர். 2009-ன் தொடக்கத்தில் வன்னியில் இறந்தவர். நான் “அது வெறும் கணினிச் சொல், அய்யே” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். நான் செய்த முதல் தவறு அது. அந்தச் சொல்லை அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அது தானாக எங்கள் முன் வந்து நின்றது.

நான் கண்டியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். பிறந்தது மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். வழங்கி நடத்தும் வேலையில் இறங்கியதற்குக் காரணம் 2018. அந்த ஆண்டு பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று வதந்தி பரவிக் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் எங்கள் மாவட்டத்திலேயே, திகனவில், வீடுகள் எரிந்தன. பழுதுபார்க்கக் கொடுத்த தொலைபேசிகளில் அந்தச் செய்திகள் வந்து விழுந்துகொண்டே இருந்ததை என் மேசையில் பார்த்தேன். அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சுமார் ஒரு வாரம் முடக்கியது. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்பும், 2022 ஏப்ரலிலும் மறுபடி முடக்கினார்கள். 2018 வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. எங்கோ இருக்கும் நிறுவனம் திறந்துவிடுவதும், கொழும்பில் இருப்பவர்கள் பூட்டுவதும் மட்டும்தான் வழியா, நடுவில் நாங்களே பொறுப்பேற்கும் ஓர் இடம் இருக்க முடியாதா என்ற கேள்வி அப்போதிருந்தே என்னிடம் இருந்தது.

அந்தக் கேள்விக்கு ஆட்கள் கிடைத்தது கொழும்பு காலிமுகத்திடலில். 2022-ல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் எல்லோரையும் ஒரே தெருவில் நிறுத்தியபோது, அரசாங்கத்துக்கு எதிரான அந்தப் போராட்டத் திடலில் ஒரு நூலகக் கூடாரம் இருந்தது. குருநாகல் நண்பரை அங்கேதான் சந்தித்தேன். மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவாக அதே திடலில் கஞ்சி கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார்; குடிக்கவில்லை; கையில் வைத்தபடி வெகுநேரம் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஜூலை 22 அதிகாலை இராணுவம் திடலுக்குள் புகுந்த பிறகு ஆட்கள் கலைந்தார்கள். ஒரு தொலைபேசிக் குழுவில் பேசிக்கொண்டிருந்தோம். அதில் யாராவது கோபித்துக்கொண்டு வெளியேறுவதே வாராந்தர நிகழ்வாக இருந்தது. ஒக்டோபர் இறுதியில் இலோன் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது மாஸ்டடன் என்ற பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. நாமும் ஒன்று போடுவோம் என்று முடிவுசெய்தோம்.

வழங்கி தொடங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது முகவரியைப் பற்றி. மற்ற எதையும் பிறகு மாற்றலாம்; மாஸ்டடனில் முகவரியை மாற்ற முடியாது. ஆகவே பெயருக்காக ஒரு மாதம் சண்டை பிடித்தாலும் அது வீண் இல்லை. நாங்கள் இரு மொழிக்கும் பொதுவான சொல்லாகத் தேடினோம். ‘அம்பலம்’ என்றார் ஒருவர். சிங்களத்தில் அம்பலம என்றால் வழிப்போக்கர் தங்கும் மடம், அழகான சொல். ஆனால் இன்றைய தமிழில் அம்பலமாவது என்றால் இரகசியம் வெளியாவது. அந்தப் பெயரில் ஒரு தமிழர் மனம்விட்டு எழுதுவாரா? கைவிட்டோம். கடைசியில் வைத்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த இடம் சிறியதாக இருப்பதுதான் அதன் பலம்.

செலவு மாதம் பன்னிரண்டு டொலர். டொலர் 360 ரூபாவைத் தாண்டியிருந்த காலம். ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் தன் அட்டையிலிருந்து கட்டினார். நிறுவியது மாஸ்டடனின் கிளையான ஹோம்டவுன் என்ற மென்பொருள். டேரியஸ் கசேமி என்பவர் உருவாக்கியது. அதில் ஒரு பதிவை ‘உள்ளூருக்கு மட்டும்’ என்று குறித்தால் அது மற்ற வழங்கிகளுக்குப் போகாது. அரசியல் பேசும் எவருக்கும் இந்த வசதியைப் பரிந்துரைப்பேன். ஊரே பார்க்கும் தெருவில் பேசுகிறோமா, வீட்டு விறாந்தையில் பேசுகிறோமா என்று ஒவ்வொரு முறையும் எழுதுபவரே முடிவு செய்யலாம்.

தொடங்கும்போது நாற்பது பேர். அரசியல் வேண்டாம் என்பதே முதல் விதி. கிரிக்கெட், எரிவாயு விலை, பலாக்காய்ச் சமையல். இரண்டு மாதத்தில் இடம் வெறிச்சோடிப் போனது. இன்னொன்றும் கண்டுபிடித்தோம். மாஸ்டடனில் எந்த மொழிப் பதிவுகளைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. தமிழ் உறுப்பினர்களில் பாதிப்பேர் தமிழை மட்டும் வைத்திருந்தார்கள். சிங்கள உறுப்பினர்கள் சிங்களத்தை மட்டும். யார்மீதும் குற்றம் இல்லை, வாசிக்கத் தெரியாத எழுத்து திரையை நிரப்புவதை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் ஒரு வீட்டைக் கட்டி நடுவில் சுவர் எழுப்பியிருந்தோம். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பிப் பார்த்தோம். சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே அது கேலியை வசையாகவும், கேள்வியைக் கட்டளையாகவும் மாற்றித் தந்தது. பிறகு நானும் பேராதனையில் படிக்கும் ஒரு மாணவியும் கையாலேயே மொழிபெயர்க்கத் தொடங்கினோம். மொழிபெயர்ப்பு வந்த பிறகே பதில் எழுத வேண்டும் என்று ஒரு விதி போட்டோம். சோம்பலுக்காகப் போட்ட விதி அது, நாங்கள் இருவர்தானே. ஆனால் ஒரு பதிலுக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்ததால்தான் பிறகு வந்த பல சண்டைகள் சண்டையாகாமல் போயின. எங்கள் விதிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

2023 பெப்ரவரியில், மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவது பற்றி ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பேசிக்கொண்டிருந்தார். 8ஆம் திகதி நாடாளுமன்றத்துக்கு அருகில் பிக்குகள் சிலர் அந்தத் திருத்தத்தின் பிரதியை எரித்தார்கள். அன்றிரவு எங்கள் முதல் விதி செத்தது. ஒருவர் படத்தைப் போட்டார், ஒருவர் திட்டினார், குருநாகல் நண்பர், எரித்தது பிழை, ஆனால் மாகாணங்களுக்கு அதிகாரம் போனால் அடுத்தது பெடரல், அதற்கடுத்தது தனிநாடு என்று எழுதினார்.

யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர் பதில் எழுதினார். “நாம் இப்போது எழுதிக்கொண்டிருப்பதே பெடரல் ஏற்பாட்டில்தான். எங்கள் விதி எங்களுடையது, எங்கள் மொழி எங்களுடையது. உலகத்திலிருந்து பிரிந்தா போய்விட்டோம்?”

தேநீர்க் கடையில் நான் தவிர்த்த பேச்சு அது. நண்பர் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. பிறகு எழுதினார்: “வழங்கியை நிருவகிக்கும் கையேட்டைப் படித்தேன். இணைப்பைத் துண்டிக்கும் பொத்தான் ஒன்று இதில் இருக்கிறது. எங்கள் பயம் அந்தப் பொத்தான்தான்.”

ஆசிரியை: “எங்கள் பயம் வேறு. இந்த வழங்கியின் சாவி முழுவதும் ஒரே ஆளிடம் இருக்கிறது. அவர் நல்லவராக இருப்பதால் மட்டும் நாங்கள் பத்திரமாக இருக்கிறோம்.”

அந்த ஒரே ஆள் நான்தான். இரண்டு மொழியிலும் அதைத் தட்டச்சு செய்தபோது என் விரல்கள் தயங்கின. எழுபது ஆண்டாக இந்த நாட்டில் இரண்டு தரப்பும் சொல்லிவருவதை இவ்வளவு சுருக்கமாக நான் வேறெங்கும் படித்ததில்லை; அதுவும் வசை இல்லாமல், ஒருவரை ஒருவர் பார்த்து. நான் என் பங்குக்கு மலையகத்தானின் கேள்வியைப் போட்டேன்: வடக்கு கிழக்குக்குச் சமஷ்டி வந்தாலும் எங்களுக்கு எந்த அலகு? அதற்குத் தமிழர்களிடமிருந்தும் பதில் வரவில்லை. கண்டிச் சிங்களவரான ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் பழைய கதையைக் கொண்டுவந்தார். 1926-ல் இலங்கைக்குச் சமஷ்டி ஏற்றது என்று வாதிட்டவர் பின்னாளில் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, அரசியலமைப்பை ஆராய வந்த பிரித்தானிய டொனமூர் ஆணைக்குழுவிடம் சமஷ்டி கேட்டது கண்டியத் தேசிய சங்கம், அப்போது தமிழ்த் தலைவர்கள் அதைக் கேட்கவில்லை. குருநாகல் நண்பர் நம்பவில்லை. ஒரு வாரம் கழித்து, தேடிப் படித்தேன், உண்மைதான் என்று எழுதினார். அவருடைய கருத்து மாறவில்லை. ஆனால் அதன் பிறகு அதைத் தமிழரின் சூழ்ச்சிச் சொல் என்று அவர் எழுதியதில்லை.

யாரும் மனம் மாறுவார் என்று எதிர்பார்த்து இப்படி ஓர் இடத்தைத் தொடங்காதீர்கள். எங்களிடம் மூன்று ஆண்டில் ஒருவர்கூடக் கட்சி மாறவில்லை. எதிர்த்தரப்பு எதற்குப் பயப்படுகிறது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க முடிந்தது. எனக்கு அது போதும். அதற்கு மென்பொருளும் ஓரளவு உதவியது. பதிவுகள் நேர வரிசையில் வரும். கோபமூட்டுவதை மேலே தள்ளிவிடும் அல்கோரிதம் எதுவும் இல்லை. ஒருவர் எழுதியதை எடுத்துக்காட்டித் தன் கூட்டத்தின் முன் கேலி செய்யும் வசதியும் அப்போது மாஸ்டடனில் இல்லை. மாஸ்டடனை உருவாக்கிய யூகென் ரோச்கோ அந்த வசதியை வேண்டுமென்றே தவிர்த்திருந்தார். 2025-ல்தான், எழுதியவர் கட்டுப்படுத்தக்கூடிய விதத்தில், அது சேர்க்கப்பட்டது. ஆனால் இதே மென்பொருளில் வெறுப்பை மட்டுமே விற்கும் வழங்கிகளும் இயங்குகின்றன. பரவலாக்கம் தானாகப் பண்பைக் கொண்டுவரும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அந்த விவாதத்தால் நடைமுறையில் நடந்த மாற்றம் ஒன்று: சாவியைப் பிரித்தோம். வழங்கியின் கடவுச்சொல்லும், தரவுத்தளக் காப்புப் பிரதியும், முகவரிப் பதிவும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. இரண்டாவது சாவியைக் குருநாகல் நண்பர் வாங்கிக்கொண்டார். என் கடையில் உட்கார்ந்து மூன்று சனிக்கிழமைகளில் கட்டளைகளைப் படித்தார்.

மே 18 வந்தது. ஆசிரியை கஞ்சியின் படத்தைப் போட்டார், எச்சரிக்கை வரியின் கீழ் மடித்து வைத்து. விரும்பியவர் மட்டும் திறந்து பார்க்கலாம். போர் தொடர்பான படங்கள் எல்லாவற்றுக்கும் அதைக் கட்டாயமாக்கியிருந்தோம். நண்பர் அதன் கீழ் தன் அண்ணனைப் பற்றி நான்கு வரி எழுதினார். மொழிபெயர்ப்பது என் முறை. அவர் ‘ரணவிரு’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். நேர்ப்பொருள் போர் வீரன், வீர நாயகன் என்று வரும். ‘மாவீரர்’ என்று போட்டால் தமிழில் அது புலிகளின் இறந்த போராளிகளைக் குறிக்கும்; அவர் அண்ணனுக்கும் அவமதிப்பு, படிப்பவர்களுக்கும் அவமதிப்பு. வெறும் ‘இராணுவத்தினர்’ என்றால் அவர் சொல்லில் வைத்திருந்த துயரமும் பெருமையும் போய்விடும். ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ரணவிரு என்று தமிழ் எழுத்தில் அப்படியே விட்டு, அந்தச் சொல்லைத் தெற்கில் யார், எப்போது சொல்கிறார்கள் என்று இரண்டு வரி கீழே எழுதினேன். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ரணவிரு, மாவீரர், நாட்டின் ஒருமையைச் சொல்லச் சிங்களத்தில் வரும் ஏக்கிய, தமிழில் வரும் ஒருமித்த, தாயகம்: இவற்றை மொழிபெயர்ப்பதில்லை, கொண்டுபோய் விளக்குகிறோம். ஒரு தரப்பின் சொல்லை மறுதரப்பின் சொல்லால் மாற்றும்போது நாம் அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

ஆசிரியை பதில் எழுதவில்லை. மறுநாள், அண்ணனின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார்.

என் பெரிய தவறு அதே ஆண்டு ஓகஸ்டில். காத்தான்குடியைச் சேர்ந்த எங்கள் உறுப்பினர் ஒருவர் தெருவுக்குத் திறந்த பதிவாகப் பள்ளிவாசல்கள் பற்றி எழுத, வெளிநாட்டு வழங்கி ஒன்றிலிருந்து மூன்று கணக்குகள் வந்து அவரைக் கேவலமாக ஏசின. நள்ளிரவு. எனக்கு இரத்தம் கொதித்தது. அந்த வழங்கியையே முழுதாகத் துண்டித்தேன். நண்பர் சொன்ன அதே பொத்தான். காலையில் அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி: அந்த வழங்கியில்தான் அவருடைய தோழிகள் பலர் இருந்தார்கள், முப்பத்தெட்டுப் பேர், எல்லோரும் மறைந்துவிட்டார்கள். உடனே துண்டிப்பை நீக்கினேன். அறுந்த தொடர்புகள் திரும்பவில்லை. மென்பொருள் அப்படித்தான்: துண்டித்தால் இரு பக்கப் பின்தொடர்தலும் அழியும், நீக்கினாலும் மீளாது. ஒவ்வொருவரையும் அவர் மறுபடி தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, ஏசியவர்களைவிடப் பெரிய தீங்கை அவருக்கு நான் செய்தேன். மூன்று மொழி வாசகரும் புரியும்படி மன்னிப்பு எழுதினேன்.

இதில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு. முதலில் ஏசும் கணக்கை மட்டும் தடுங்கள். போதாவிட்டால் அந்த வழங்கியை ‘மட்டுப்படுத்து’ங்கள், பின்தொடர்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் கண்ணில் படாது. முழுத் துண்டிப்பு இரண்டு பேர் ஒப்புக்கொண்டு, நடுவில் ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகுதான். புகார்களிலும் இதே போல: சிங்களத்தில் எழுதப்பட்டதைச் சிங்களம் தாய்மொழியான ஒருவர் படிக்க வேண்டும், முடிவில் தமிழர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும், தமிழ்ப் புகாருக்கு மறுபக்கமாக.

2024 ஜனவரி 24 அன்று நாடாளுமன்றம், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது எங்களில் ஒன்பது பேர் ஒரே வாரத்தில் கணக்கை அழித்தார்கள். பொய்யான கூற்று எது என்று ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கும், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு என்றால் யாருக்குத்தான் பயம் வராது? போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதுவரை உறுப்பினர்களுக்கு நான் சொல்லாமல் விட்ட சிலவற்றை அன்று எழுதி, இப்போது சேரும் ஒவ்வொருவருக்கும் முதலிலேயே கொடுக்கிறேன். தனிச்செய்தி என்று நினைத்து எழுதுவது மறைகுறியாக்கப்பட்டதல்ல. வழங்கியின் சாவி உள்ளவர் நினைத்தால் படிக்கலாம். ஒரு பதிவை அழித்தால் அழிக்கும்படி மற்ற வழங்கிகளுக்குக் கோரிக்கை போகும். அவர்கள் அழித்தார்களா என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. வேறு வழங்கிக்குக் குடிபெயரலாம்; பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், எழுதியவை வராது; ஆகவே உங்கள் எழுத்தை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மே மாதம் சம்பூரில் கஞ்சி கொடுத்தவர்கள் கைது செய்யப்பட்டபோது ஆசிரியை தன் பழைய படத்தை நீக்கலாமா என்று கேட்டார். நீக்கினாலும் பிரதிகள் எங்கேனும் இருக்கலாம் என்ற உண்மையைத்தான் சொன்னேன். யோசித்து, நீக்காமல் விட்டார்.

2024-ன் இறுதியில் நடந்த தேர்தல்கள் எங்கள் கோடுகளையே குழப்பிவிட்டன. நவம்பரில், தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை வென்றது. சண்டை தமிழருக்கும் தமிழருக்கும் இடையே மூண்டது. சிங்கள உறுப்பினர்கள் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். பேராதனை மாணவி ஒரே இரவில் நாற்பது பதிவுகளை மொழிபெயர்த்துவிட்டு, நாளைக்குப் பரீட்சை என்று எழுதிவிட்டுப் போனார். இப்படியான இடங்கள் இந்த உழைப்பில்தான் நிற்கின்றன. நன்கொடையாகப் பணம் கேட்பதற்கு முன் மொழிபெயர்ப்பாளரைத் தேடுங்கள், கிடைத்தால் அவரைக் களைத்துப்போக விடாதீர்கள்.

இன்று அறுபத்தொரு பேர் இருக்கிறோம். ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவோம். இதை வளர்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு விருப்பமில்லை. இதுபோல இன்னும் பத்து இடங்கள் வேறு வேறு ஆட்களால் நடத்தப்பட்டு, எங்களோடு பேசினால் மகிழ்வேன். மட்டக்களப்பில் ஒரு குழு கேட்டிருக்கிறது. அவர்களுக்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். ஒன்றை மறந்துவிட்டேன்: மற்ற வழங்கிகளிலிருந்து வரும் படங்கள் உங்கள் வழங்கியின் சேமிப்பு வட்டை நிரப்பும். ஏழு நாளுக்கு ஒருமுறை அவற்றை அழிக்கும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

நாங்கள் அமைத்தது சென்ற மாதம் வேலை செய்யாமல் போய், நள்ளிரவில் வழங்கி நின்றுவிட்டது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தபோது குருநாகல் நண்பர் தன் சாவியால் உள்ளே போய், வட்டைக் காலி செய்து, எல்லாவற்றையும் ஓடவிட்டிருந்தார். அதன்பின், அதிகாலை மூன்றரை மணிக்கு, மாகாண சபைத் தேர்தல் பற்றி ஆசிரியை எழுதியிருந்ததற்கு மறுப்பாக நீண்ட பதில் ஒன்றும் போட்டிருந்தார். மொழிபெயர்ப்பு என் முறை.